இன்ஸ்டால் ஆனது, எங்கே போனது?

என் சித்தி மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இன்ஸ்டால் ஆயிடுச்சுன்னு சொல்றதும் இதுதான். அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்றதும் இதுதான். நான் எதை நம்புறது?"

திரையின் ஒரு பக்கம், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்பு டெர்மினல். அதன் கடைசி வரி 'சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று தொடங்கியது. மறுபக்கம் நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடு. அங்கே சிவப்பு எழுத்தில் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்'.

தமிழ்ச் சொற்களில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணும் சின்ன நிரல் ஒன்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பைத்தான் என்ற நிரல் மொழியிடம் 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். அ, ம, புள்ளி, மறுபடி ம, கடைசியில் துணைக்கால் என்று யூனிகோடு குறிகளைத் தனித்தனியே எண்ணுவதால் வருகிற 5 அது. நமக்கு வேண்டியது 3. அந்த மூன்றைச் சரியாகச் சொல்லும் 'ஓப்பன்-தமிழ்' என்ற பேக்கேஜைத் தமிழ் ஆர்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று கட்டளை கொடுத்து இறக்கியிருந்தாள். கட்டளையில் ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை.

நிரல் எழுதக் கற்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். லூப் புரியவில்லை என்று வருகிறவர்களை விட, இன்ஸ்டால் ஆகவில்லை என்று வருகிறவர்கள் அதிகம். ஒரு வரி நிரல் கூட ஓடாமல், "எனக்கு இதெல்லாம் வராது" என்று இந்த இடத்திலேயே ஒதுங்கிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வராமல் போனது அவர்கள் குற்றம் இல்லை. உள்ளே நடப்பது என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பார்சல் பக்கத்துத் தெருவில்

பேக்கேஜ் என்பது வேறொருவர் எழுதிய நிரல்களின் கட்டு. பைத்தானுக்கான பேக்கேஜ்கள் பைபிஐ என்ற பொதுக் கிடங்கில் இருக்கின்றன. 2003-இல் தொடங்கிய அந்தக் கிடங்கில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் குவிந்திருக்கின்றன. பிப் என்பது அந்தக் கிடங்குக்கும் நம் கணினிக்கும் இடையே ஓடும் ஆள். இயன் பிக்கிங் என்பவர் 2008-இல் எழுதியது. 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.

பிப் செய்யும் வேலை எளிமையானது. கிடங்கிலிருந்து 'வீல்' என்ற வகைக் கோப்பை இறக்குகிறது. அது வெறும் ஜிப் கோப்புதான், பெயரின் முடிவு மட்டும் வேறு. அதைப் பிரித்து, 'சைட்-பேக்கேஜஸ்' என்ற ஃபோல்டருக்குள் போடுகிறது. பக்கத்திலேயே 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் இன்னொரு ஃபோல்டரை வைக்கிறது. அதற்குள் 'ரெக்கார்டு' என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தக் கோப்பு எங்கே வைக்கப்பட்டது என்பது வரிவரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். பின்னால் அன்இன்ஸ்டால் செய்யும்போது பிப் அந்தப் பட்டியலைப் படித்துத்தான் ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஒரு முறையாவது அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். மந்திரம் போலத் தெரிந்த ஒரு காரியம் கோப்பு, ஃபோல்டர், பட்டியல் என்று கண்ணுக்குத் தெரியும்போது பயம் பாதி போய்விடும்.

பேக்கேஜை நம் நிரலுக்குள் கூப்பிட இம்போர்ட் என்று எழுதும்போது நடப்பது வேறு. அங்கே பிப்புக்கு வேலையே இல்லை. பைத்தான் தன் கையில் ஒரு முகவரிப் பட்டியல் வைத்திருக்கிறது. 'சிஸ் டாட் பாத்' என்று பெயர். அதில் முதலில் இருப்பது நாம் ஓட்டும் நிரல் இருக்கிற ஃபோல்டர். அடுத்து பைத்தானின் சொந்த நூலகம். அப்புறம்தான் சைட்-பேக்கேஜஸ். வரிசையாகத் தேடி, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். கடைசி வரை கிடைக்கவில்லை என்றால் அந்தச் சிவப்பு வரி.

ஆக, வைக்கிறவர் ஒருவர், தேடுகிறவர் இன்னொருவர். இருவரும் ஒரே வீட்டைத்தான் சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. என் தங்கையின் லேப்டாப்பில் மூன்று பைத்தான்கள் இருந்தன. பைத்தானின் தளத்திலிருந்து அவளே இறக்கியது ஒன்று. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது ஒன்று. முதல் ஆண்டில் வகுப்புக்காக யாரோ போட்டுக் கொடுத்த அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி சைட்-பேக்கேஜஸ். டெர்மினலில் 'பிப்' என்று அடித்தபோது பதில் சொன்னது அனகோண்டாவின் பிப். விஎஸ் கோடு ஓட்டியது அவள் இறக்கிய பைத்தானை. கூரியர்காரர் அதே பெயர் கொண்ட பக்கத்துத் தெரு வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார். கையெழுத்து உண்மை. பார்சல் நம் வீட்டில் இல்லை என்பதும் உண்மை.

இதற்குத் தீர்வு ஒரு பழக்கம். 'பிப் இன்ஸ்டால்' என்று மொட்டையாக எழுதாமல், 'பைத்தான் ஹைஃபன்-எம் பிப் இன்ஸ்டால்' என்று எழுதுவது. எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறோமோ அதன் சொந்தப் பிப்தான் அப்போது வேலை செய்யும். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பதில் சந்தேகம் வந்தால், நிரலுக்குள்ளேயே 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்' என்பதை அச்சிடச் சொன்னால் முழு முகவரியையும் காட்டும். விஎஸ் கோடில் கீழ் ஓரத்தில் தெரியும் பைத்தான் பதிப்பைத் தட்டினால் வேறு பைத்தானை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினோம். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு வரி.

இந்த முறை காரணம் வேறு. 'இம்போர்ட் ஓப்பன்_தமிழ்' என்று எழுதியிருந்தாள். கிடங்கில் இருக்கும் பெயர் ஓப்பன்-தமிழ், ஆனால் பிரித்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டரின் பெயர் வெறும் 'தமிழ்'. பிப் கேட்பது கடைப் பெயர், பைத்தான் கேட்பது வீட்டுப் பெயர். இரண்டும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று விதி இல்லை. சைக்கிட்-லேர்ன் என்று இறக்கி எஸ்கேலேர்ன் என்று கூப்பிடுவது, ஓப்பன்சிவி-பைத்தான் என்று இறக்கி சிவி2 என்று கூப்பிடுவது, பில்லோ என்று இறக்கி பிஐஎல் என்று கூப்பிடுவது எல்லாம் இந்த வகைதான். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்ததே இல்லை. புதிதாக வருகிறவர்களின் காலை வாரிவிடும் கல் இது. ஆனாலும் பழகிவிட்ட பெயர்களை இனி மாற்றுவது கடினம்.

பெயரைத் திருத்திய பிறகும் ஒரு குழி மிச்சம் இருந்தது. அவள் தன் நிரலுக்கே 'தமிழ் டாட் பிஒய்' என்று பெயர் வைத்திருந்தாள். முகவரிப் பட்டியலில் முதல் இடம் நிரல் இருக்கும் ஃபோல்டருக்கு என்று சொன்னேன் அல்லவா? பைத்தான் பேக்கேஜைத் தேடிப் போகாமல் அவள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். 'ரேண்டம்', 'ஈமெயில்' என்றெல்லாம் தங்கள் நிரலுக்குப் பெயர் வைத்துவிட்டு மணிக்கணக்காகத் தவித்தவர்கள் உண்டு. கோப்பின் பெயரை மாற்றினோம். ஓடியது.

வீட்டுச் சாவியும் அலுவலகச் சாவியும்

லினக்ஸில் இந்தக் கதை இன்னும் கனமானது. அங்கே பைத்தான் நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை. இயங்குதளமே தன் வேலைகளுக்கு அதை வைத்திருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூ பைத்தானில் எழுதப்பட்டது. அதுபோல இன்னும் பல. அந்தக் கருவிகள் குறிப்பிட்ட பதிப்புகளை நம்பி எழுதப்பட்டவை. நாம் 'சுடோ பிப் இன்ஸ்டால்' என்று நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு பேக்கேஜைத் திணித்தால், அது தன் துணைக்கு வேறு நாலு பேக்கேஜ்களின் பதிப்பையும் மாற்றிவிடும். அவற்றில் ஒன்று இயங்குதளம் நம்பியிருந்த பேக்கேஜாக இருந்தால், நம் நிரல் ஓடும், இயங்குதளத்தின் கருவி விழும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு சர்வரில் நான் இதைச் செய்திருக்கிறேன். மறுநாள் காலை அதில் அப்டேட் கருவி எழுந்திருக்கவில்லை. என் நிரலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அப்போது யாரும் என்னைத் தடுக்கவில்லை. இணையத்தில் கிடைத்த குறிப்புகள் பலவும் சுடோ சேர்த்தே கட்டளை கொடுத்திருந்தன.

இப்போது தடுக்கிறார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பிலும், அதை ஒட்டிய உபுண்டு பதிப்புகளிலும் பொதுப் பைத்தானில் பிப் மூலம் எதையும் போடப் போனால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று ஒரு பிழைச்செய்தி வரும். இந்தப் பைத்தானை வேறொருவர் நிர்வகிக்கிறார், நீ கை வைக்காதே என்பது அதன் பொருள். பெப் 668 என்ற முன்மொழிவின் படி வந்த ஏற்பாடு அது. மீறிப் போட வேண்டும் என்றால் ஒரு தெரிவு உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. உடைத்தாலும் பரவாயில்லை என்று நம் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். இதைத் தொல்லை என்று எரிச்சல்படுகிறவர்கள் நிறைய. நான் இதை நல்ல காவல் என்றே நினைக்கிறேன். அந்தத் தெரிவைச் சேர்த்துப் பிரச்சினை தீர்ந்தது என்று பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

சரியான வழி தனிச்சூழல். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்பார்கள், சுருக்கமாக வீ-என்வ். பைத்தான் 3.3-இல், 2012-இல், மொழியோடு சேர்ந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக ஒரு சைட்-பேக்கேஜஸ் என்பதுதான் மொத்த யோசனையும்.

பெயரைக் கேட்டுப் பெரிதாக எண்ண வேண்டாம். திட்ட ஃபோல்டருக்குள் நின்று 'பைத்தான் ஹைஃபன்-எம் வீ-என்வ்' என்று சொல்லி ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். திறந்தால், லினக்ஸில் 'பின்', விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பைத்தான் இருக்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் மூலப் பைத்தானைக் காட்டும் சுட்டிதான், முழுப் பிரதி இல்லை. பக்கத்தில் 'பைவீஎன்வ்' என்று தொடங்கும் சின்ன எழுத்துக்கோப்பு. அதில் 'ஹோம்' என்று ஒரு வரி, மூலப் பைத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பைத்தான் தொடங்கும்போது தன் பக்கத்தில் இந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், நான் தனிச்சூழலில் இருக்கிறேன் என்று புரிந்துகொண்டு இந்தச் சைட்-பேக்கேஜஸை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

'ஆக்டிவேட்' செய்வது என்று சொல்கிறார்களே, அது டெர்மினலின் தேடல் வரிசையில் இந்த ஃபோல்டரை முன்னால் கொண்டுவந்து வைப்பது மட்டுமே. ஆக்டிவேட் செய்யாமல் அந்தப் பைத்தானை முழு முகவரியோடு கூப்பிட்டாலும் அதே சூழல் கிடைக்கும். இது தெரிந்தால், டெர்மினலை மூடித் திறந்ததும் எல்லாம் காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டியிருக்காது. எதுவும் போகவில்லை, வரிசை மட்டும் பழையபடி ஆகியிருக்கிறது.

தனிச்சூழல் ஃபோல்டரை இன்னொரு இடத்துக்கு நகர்த்தக் கூடாது. உள்ளே இருக்கும் பிப் போன்ற கருவிகளில் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும், நகர்த்தினால் அவை பழைய இடத்தையே தேடும். நண்பனுக்கு பென்டிரைவில் கொடுக்கவும் கூடாது. கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். அழிக்கத் தயங்க வேண்டாத ஒரே ஃபோல்டர் அதுதான். என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தால் போதும்.

பதிப்பு என்னும் தலைவலி

பட்டியல் என்றேன். அங்கேதான் அடுத்த சிக்கல்.

இணையத்திலிருந்து தரவு வாங்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பேக்கேஜை இறக்கினால் அது மட்டும் வராது. யூஆர்எல்லிப்3, ஐடிஎன்ஏ, செர்ட்டிஃபை, சார்செட்-நார்மலைசர் என்று நான்கு பேர் கூடவே வருவார்கள். ஒன்று நன்றாக ஓட மற்றொன்று தேவை என்ற இந்த உறவைச் சார்பு என்கிறோம். சார்புக்கும் சார்பு உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு இன்ன பதிப்புக்குக் குறையக் கூடாது, இன்ன பதிப்பைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை வைப்பார்கள்.

பைத்தானில் ஒரு சூழலுக்குள் ஒரு பேக்கேஜின் ஒரு பதிப்பு மட்டும்தான் இருக்க முடியும். ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் அப்படி இல்லை. அங்கே ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் வெவ்வேறு ஆழத்தில் உட்கார்ந்திருக்கலாம். பைத்தானில் 'அ' என்ற பேக்கேஜ் 'இ'-யின் 1-ஆம் பதிப்பையும், 'ஆ' என்ற பேக்கேஜ் அதே 'இ'-யின் 2-ஆம் பதிப்பையும் கேட்டால், இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

2020 நவம்பர் வரை பிப் இதைப் பெரிதாகக் கவலைப்படாமல் விட்டது. முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிடும், பின்னால் வந்தவரின் நிபந்தனை முறிந்தாலும் இன்ஸ்டால் முடிந்தது என்றே சொல்லும். நிரல் ஓடும்போதுதான் தெரியும். 20.3 பதிப்பில் வந்த புதிய தீர்வான் எல்லா நிபந்தனைகளும் ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் நின்றுவிடுகிறது. தேடும்போது ஒரே பேக்கேஜின் பல பதிப்புகளை மாற்றி மாற்றி இறக்கிப் பார்ப்பதும் நடக்கும். கணினி அறிவியலில் இது விடை காணக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது. பேக்கேஜ் எண்ணிக்கை கூடக்கூட வழிகள் பெருகிக்கொண்டே போகும். பிப் நெடுநேரம் யோசிக்கிறதே என்று கோபப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நிபந்தனை வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் பார்த்தோம். எண் கணக்கீட்டுக்கான நம்பை என்ற பேக்கேஜின் 2.0 பதிப்பு வெளியானது. 2006-க்குப் பிறகு அதன் முதல் பெரும்பதிப்பு. கணக்கீடு, தரவு அறிவியல், இயந்திரக் கற்றல் என்று எதைத் தொட்டாலும் அடியில் நம்பை இருக்கும். 1-ஆம் வரிசையை வைத்துக் கம்பைல் செய்யப்பட்ட, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றப்பட்ட பேக்கேஜ்கள் 2-இன் மேல் ஓடாது. ஆனால் அவற்றில் பல 'நம்பை வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தன, எது வரை என்று எழுதவில்லை. பிப் புதியதைக் கொண்டுவந்தது. நேற்று வரை ஓடிய நிரல், ஒரு எழுத்தும் மாறாமல், இன்று புதிதாக இன்ஸ்டால் செய்த கணினியில் விழுந்தது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் இப்படி ஆனால் அந்த மாணவருக்கு யார் பதில் சொல்வது?

இதற்காகத்தான் பதிப்பு எண்ணோடு பட்டியல் எழுதி வைக்கச் சொல்கிறோம். 'பிப் ஃப்ரீஸ்' என்றால் சூழலில் இருப்பவை எல்லாம் எண்ணோடு வரும். அதை 'ரிக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்ற கோப்பில் சேமித்தால், இன்னொரு கணினியில் அதே எண்களை இறக்கலாம். இதில் ஒரு குறை உண்டு. நான் கேட்டது எது, கூட வந்தது எது என்று ஃப்ரீஸ் பிரித்துச் சொல்லாது. மூன்று கேட்டிருப்போம், முப்பது வரி இருக்கும். ஒரு வருடம் கழித்து எதை நீக்கலாம் என்று தெரியாது. ரிக்வெஸ்ட்ஸை அன்இன்ஸ்டால் செய்தாலும் கூட வந்த நால்வரும் அங்கேயே இருப்பார்கள், பிப் அவர்களைத் தொடாது. அதனால் நான் இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்கிறேன். நான் கேட்டவை மட்டும் ஒன்றில். எண்ணோடு உறைந்த முழுப் பட்டியல் மற்றொன்றில். மளிகைக்கு எழுதிக் கொடுத்த சீட்டும், கடைக்காரர் கொடுத்த பில்லும் போல. இந்த 'பில்' எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பொது வடிவம் வெகுகாலம் இல்லாமலே இருந்தது. பெப் 751 என்ற முன்மொழிவு 2025-இல்தான் ஏற்கப்பட்டது.

பைத்தானின் பதிப்பையும் மறக்கக் கூடாது. ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பைத்தான் வருகிறது. 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய பகுதியை நீக்கினார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் பேக்கேஜ் கட்ட உதவிய பகுதி அது. மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்து அதே பழைய பேக்கேஜை 3.12-இல் போட்டவர்களுக்கு 'டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை' என்று பிழை வந்தது. புதிய பைத்தான் வந்த வாரமே அதற்கு ஓடிப் போகாதீர்கள். ஒரு பதிப்பு பின்னால் இருங்கள். கம்பைல் செய்த பேக்கேஜ்கள் வந்து சேரச் சில மாதம் ஆகும்.

கம்பைல் என்றதும் விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வரி நினைவுக்கு வரும்: 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை' என்ற செய்தி. பைத்தான் பேக்கேஜ் கேட்டால் சி++ ஏன் வருகிறது? வேகத்துக்காகப் பல பேக்கேஜ்களின் உட்பகுதி சி மொழியில் இருக்கிறது. வீல் கோப்பு என்பது சமைத்து வைத்த சோறு. அதன் பெயரிலேயே எந்தப் பைத்தான் பதிப்புக்கு, எந்த இயங்குதளத்துக்கு, எந்தப் பிராசசருக்கு என்று எழுதியிருக்கும். நம் கணினிக்குப் பொருந்தும் வீல் கிடங்கில் இல்லை என்றால், பிப் மூல நிரலை இறக்கி இங்கேயே சமைக்கப் பார்க்கும். அடுப்பு இல்லை என்பதுதான் அந்தச் செய்தி. பல ஜிபி அளவுள்ள விஷுவல் ஸ்டூடியோ கருவிகளை இறக்கும் முன், ஒரு பதிப்பு முந்தைய பைத்தானை வைத்து முயன்று பாருங்கள். பெரும்பாலும் வீல் கிடைத்துவிடும்.

யார் கொடுத்தது என்று பாருங்கள்

கிடங்கில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கிப் பேக்கேஜ் ஏற்றலாம். ஓப்பன்-தமிழ் நமக்குக் கிடைத்தது இந்தத் திறந்த கதவால்தான். திருடனும் அதே கதவால் வரலாம். மூல நிரலாக வரும் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யும்போதே அதன் ஆசிரியர் எழுதிய நிரல் நம் கணினியில், நம் அதிகாரத்தோடு ஓடும். இம்போர்ட் செய்யும் வரை கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

2019 டிசம்பரில் பைபிஐ-யிலிருந்து ஒரு பேக்கேஜை நீக்கினார்கள். ஜெல்லிஃபிஷ் என்பது எழுத்துத்தொடர்களை ஒப்பிடும் நல்ல பேக்கேஜ். அதன் ஆங்கிலப் பெயரில் வரும் முதல் 'எல்' எழுத்துக்குப் பதில் பெரிய 'ஐ' எழுத்தைப் போட்டு இன்னொன்றை யாரோ ஏற்றியிருந்தார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கோடு. கண்ணால் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. சர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளை அந்தப் போலி திருடி அனுப்பியது.

இன்றைய மாணவர்கள் கட்டளைகளை ஏஐ உரையாடலிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த மாதிரிகள் சில நேரம் இல்லாத பேக்கேஜ் பெயரையும் உறுதியாகச் சொல்கின்றன. அந்தப் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு யாராவது முந்திப் பதிவு செய்துவிட்டால் போதும். எனவே எந்தக் கட்டளையையும் ஒட்டும் முன் கிடங்கின் பக்கத்தில் அந்தப் பெயரைத் திறந்து பாருங்கள். எத்தனை ஆண்டாக இருக்கிறது, எத்தனை பதிப்பு வந்திருக்கிறது, மூல நிரல் எங்கே இருக்கிறது. அரை நிமிட வேலை. கிடங்கும் சும்மா இல்லை. பேக்கேஜ் ஏற்றுகிறவர்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்தே ஆக வேண்டும் என்று 2024 தொடக்கத்திலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது.

கெட்ட எண்ணம் இல்லாமலும் கோபுரம் ஆடும். 2016 மார்ச் 22 அன்று அசர் கோச்சுலு என்ற நிரலாளர், பெயர் உரிமை பற்றிய ஒரு தகராறில் மனம் வெறுத்து, என்பிஎம்மிலிருந்து தன் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். எழுத்துத்தொடரின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி நிரல். ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பயன்படுத்தும் பேபல் போன்ற பெரிய கருவிகள் சார்பின் சார்பாக அதன் மேல் நின்றிருந்தன. உலகம் முழுவதும் இன்ஸ்டால்கள் விழுந்தன. என்பிஎம் அன்றைக்கே அதை மீட்டு வைத்தது, பின்னர் எடுத்துவிடும் விதிகளையும் இறுக்கியது. அந்தப் பதினோரு வரியை எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் இல்லாமல் எழுதிக் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் அதன் மேல் மாடி கட்டியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

கருவிகள் வேறும் உண்டு. 2012-இல் வந்த கொண்டா, பைத்தான் அல்லாத நூலகங்களையும் சேர்த்து நிர்வகிக்கும். அறிவியல் கணக்கீட்டுக்காரர்களுக்கு அது நல்ல துணை. 2024-இல் வந்த யூவி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. பிப்பை விடப் பல மடங்கு வேகம். தனிச்சூழல், எண்ணோடு உறைந்த பட்டியல், பைத்தானின் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே கையில் பிடிக்கும். ஒரு முறை இறக்கியதைப் பொதுவில் வைத்துக்கொண்டு எல்லாச் சூழல்களுக்கும் பங்கிடுவதால் வட்டில் இடமும் மிச்சம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்று நான் சொல்வது யூவிதான். ஆனால் பிப்பும் வீ-என்வும் என்ன செய்கின்றன என்று புரிந்த பிறகு.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை உண்டு. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து கற்கிறார்கள். லினக்ஸில் இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் பேக்கேஜை அப்படியே இறக்கினால் கிராபிக்ஸ் அட்டைக்கான நூலகங்கள் சேர்ந்து 2 ஜிபியைத் தாண்டும். கிராபிக்ஸ் அட்டையே இல்லாத லேப்டாப்புக்கு அது தேவையில்லை. சிபியு மட்டும் போதும் என்ற பதிப்பு தனியாக, பல மடங்கு சிறியதாக இருக்கிறது. பைடார்ச்சின் தளத்தில் அந்தத் தெரிவைத் தட்டினால் கட்டளையே எழுதிக் காட்டும்.

கல்லூரி லேபில் இணையமே இல்லை என்று தங்கை சொன்னாள். அதற்கும் வழி உண்டு. 'பிப் டவுன்லோடு' என்று சொல்லிப் பட்டியல் கோப்பைக் கொடுத்தால், இன்ஸ்டால் செய்யாமல் வீல் கோப்புகளை மட்டும் ஒரு ஃபோல்டரில் இறக்கி வைக்கும். லேபிலும் அதே இயங்குதளம், அதே பைத்தான் பதிப்பு இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அங்கே புதிதாக ஒரு தனிச்சூழல் உருவாக்கி, கிடங்குக்குப் போகாதே, இந்த ஃபோல்டரில் தேடு என்று இரண்டு தெரிவுகள் சேர்த்து இன்ஸ்டால் செய்தால் முடிந்தது. 'நோ-இண்டெக்ஸ்' ஒன்று, 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' மற்றொன்று.

லேப் கணினியில் என்ன பைத்தான் இருக்கிறது என்று தோழிக்கு போன் போட்டுக் கேட்டாள். 3.10 என்று பதில் வந்தது. அவள் லேப்டாப்பில் இருந்தது 3.13. பழைய பதிப்பை இறக்கி அதில் ஒரு சூழல் உருவாக்கி, அங்கிருந்து வீல்களை இறக்கினோம். திங்கட்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். லேபின் பழைய மானிட்டர், கறுப்புத் திரை, அதில் ஒரே வரி.

அம்மா: 3